பெட்டியைத் திறக்கும்போது தெரியும் அழுகல் எப்போது தொடங்கியது?

திருப்பாதிரிப்புலியூரில் பழக்கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: “காயாக வாங்கும்போது ஒரு குறையும் இல்லாத மாங்காய், மஞ்சள் ஏறியதும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுகிறது. வாழைச் சீப்பின் அடி கறுத்துப் பழம் தானாக உதிர்கிறது. பலாப்பழத்தில் ஒரே இரவில் வெள்ளைப் பஞ்சு பூத்துவிடுகிறது. மண்டியில் என்னை ஏமாற்றுகிறார்களா, அல்லது என் கடையில்தான் ஏதாவது தொற்று இருக்கிறதா? மருந்தில் முக்கி எடுக்கலாமா? கறுப்பை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?”

சகோதரி, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய்கள். மூன்றையும் ‘அழுகல்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்துவிட்டுப் பலனில்லை என்று சலித்துப்போகிறோம். மாங்காயில் வரும் புள்ளிக்கு மண்டிக்காரரும் பொறுப்பில்லை, நீங்களும் பொறுப்பில்லை. அந்த நோய் காய்க்குள் ஏறியது தோப்பில், பல வாரங்களுக்கு முன்பு. பலாவில் பூத்த பஞ்சோ அநேகமாக மரத்தை விட்டு இறங்கிய பிறகு, ஒரு காயத்தின் வழியாக வந்தது. வாழைச் சீப்பின் கறுப்புக்கு வாசல் திறந்துவிட்டது சீப்பு அரிந்த கத்தி. தாவர நோய்களைப் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தோப்புகளிலும் மண்டிகளிலும் நெடுங்காலம் அலைந்தவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் பதியவைக்க விரும்புகிறேன்.

மாவிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கறுப்புப் புள்ளியை உண்டாக்குவது கொலிடோட்ரைக்கம் என்ற பூசணம். நோய்க்கு ஆந்த்ராக்னோஸ் என்று பெயர். இது காற்றில் தூசியாகப் பறந்து வருவதில்லை. இதன் வித்துகள் பசை போன்ற ஒரு பொருளில் ஒட்டிக் கிடக்கும். மழைத்துளியோ சொட்டும் பனிநீரோ விழுந்து தெறித்தால்தான் கிளம்பும். மரத்திலேயே தொங்கும் பட்ட குச்சி, காய்ந்த பூங்கொத்து, புள்ளி விழுந்த இலை ஆகியவைதாம் இதன் இருப்பிடம். அங்கிருந்து துளியோடு வழிந்து பிஞ்சின் மேல் விழுகிறது. காயின் தோலில் ஈரம் அரை நாள் அளவுக்கு நின்றால் வித்து முளைத்துவிடும். முளைத்து, நுனியில் கறுத்த குமிழ் ஒன்றை உண்டாக்கித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழின் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு முனை தோலின் மெழுகுப் படலத்தைத் துளைத்து இறங்குகிறது.

அதோடு நின்றுவிடுகிறது என்பதுதான் இந்த நோயில் மிக முக்கியமான செய்தி. பச்சைக்காயின் தோலிலும் பாலிலும் பூசணத்தை அடக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. மாங்காய்ப் பால் கையில் பட்டால் எரிகிறதல்லவா? ஏறக்குறைய அதே குடும்பத்துப் பொருள்கள்தாம் காயைக் காக்கின்றன. அவை இருக்கும்வரை பூசணம் சாவதும் இல்லை, வளர்வதும் இல்லை. காத்திருக்கிறது. காய் பழுக்கத் தொடங்கியதும் காவல் பொருள்கள் குறைகின்றன, மாவுச்சத்து சர்க்கரையாகிறது, தோல் இளகுகிறது. உறங்கியது விழித்துக்கொள்கிறது. நீங்கள் மண்டியில் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, குறையில்லை என்று தேர்ந்தெடுத்த அந்தக் காயின் தோலில் அப்போதே பூசணம் இருந்திருக்கும். எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. ஒரு காய் பழுத்தால் பக்கத்துக் காயும் பழுப்பதற்குக் காரணம் அதுதான். அந்த எத்திலீனையே கொலிடோட்ரைக்கம் தனக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது, அது பட்டதும் வித்து முளைத்து ஒட்டும் குமிழ்களை உண்டாக்குகிறது என்று ஃபிளைஷ்மன், கொலத்துக்குடி என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். பழம் தன் பக்குவத்தை அறிவிக்கும் குரலையே அதன் எதிரியும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் ஊர்ப் பருவத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். மா பூப்பது தை, மாசியில். அந்த நேரத்தில் கடலோரத்தில் விடியற்காலைப் பனி கனத்து இறங்கும். பூங்கொத்து கருகுவதும் பிஞ்சில் நோய் ஏறுவதும் அப்போதே நடந்துவிடும். சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தால் மறு தவணை. ஆகவே பழத்தில் புள்ளி மிகுந்த ஆண்டில், மண்டியில் தேடாமல், பூத்த காலத்தில் எத்தனை நாள் பனி பெய்தது, காய்த்த காலத்தில் எத்தனை மழை பெய்தது என்று தோப்புக்காரரைக் கேளுங்கள். காய்ந்த குச்சிகளை அரிந்து எரித்த தோப்பா என்றும் கேளுங்கள். அந்த ஒரு வேலையைச் செய்யும் தோப்பின் காய்க்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து.

மாவில் இன்னொரு அழுகலும் உண்டு. காம்புப் பக்கம் பழுப்பு வட்டமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பாதிப் பழத்தைக் கறுத்த சொதசொதப்பாக்கிவிடும். இது லாசியோடிப்ளோடியா என்ற வேறொரு பூசணத்தின் வேலை. இது மரத்தின் பட்ட கிளைகளிலும் குச்சிகளின் உள் திசுவிலும் வாழ்ந்து, காம்பு வழியாகக் காய்க்குள் இறங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது முறிந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. முறிந்த கிளையை வெட்டி அப்புறப்படுத்தாமல் தோப்பிலேயே போட்டுவைப்பது இந்தப் பூசணத்துக்குத் தொட்டில் கட்டிக்கொடுப்பது போன்றது. இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு: காயைக் காம்போடு பறிப்பது. உலுக்கி விழவைத்த காயில் காம்பு பிய்ந்து, பால் வழிந்து, வாசல் திறந்து கிடக்கும். வாங்கும்போது காம்பு சிறிதளவாவது ஒட்டியிருக்கும் காயாகப் பாருங்கள்.

இப்போது வாழை. உங்கள் கேள்வியில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. பழுத்த வாழையில் விழும் எல்லாப் புள்ளியும் நோயல்ல. தோலோடு தட்டையாக, மிளகுத் தூள் தூவினாற்போல் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது முதிர்ச்சியின் அடையாளம். உள்ளே பழம் நன்றாகவே இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். புள்ளி குழிந்திருந்தால், பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தால், ஈரமான நாளில் அதன் நடுவில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பசை கசிந்தால், அதுதான் ஆந்த்ராக்னோஸ். மாவில் வருவதன் உறவுக்காரப் பூசணம் இது, வாழைக்கென்றே உள்ளது.

சீப்பின் அடியில், காம்புகள் எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் வரும் கறுப்பழுகலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் உலக வாணிபத்தில் வாழை முழுத் தாராகவே கப்பலேறியது. பனாமா வாடல் நோயால் குரோ மிஷேல் என்ற ரகம் அழிந்து, 1960-களில் கேவண்டிஷ் ரகம் அதன் இடத்துக்கு வந்தது. அதன் தோல் மெல்லியது, எளிதில் சிராய்க்கும். ஆகவே சீப்புச் சீப்பாக அரிந்து பெட்டியில் அடைக்கும் வழக்கம் பிறந்தது. ஒவ்வொரு சீப்புக்கும் ஒரு வெட்டுவாய். அந்த வெட்டுவாய் ஒவ்வொன்றும் பூசணத்துக்கு ஒரு வாசல். முன்பு சிறு தொல்லையாக இருந்த நோய் பெருந்தொல்லையானது. அதில் ஒரு பூசணம் மட்டும் இல்லை. கொலிடோட்ரைக்கம், ஃபியூசேரியம், மேலே சொன்ன லாசியோடிப்ளோடியா எல்லாம் கூட்டாக வேலை செய்கின்றன.

இதில் கடைக்காரர் கையில் நிறையவே இருக்கிறது. தாரில் சீப்பு அரிபவரைக் கவனியுங்கள். மொண்ணைக் கத்தியால் அரிந்தாலோ, கையால் முறித்துப் பிய்த்தாலோ வெட்டுவாய் நார் நாராகக் கிழிந்திருக்கும், ஆறாது. கூர்மையான கத்தியால், அடிச்சதை கொஞ்சம் சேரும்படி ஒரே இழுப்பில் அரிய வேண்டும். அழுகிய தாரை அரிந்த கத்தியைக் கழுவாமல் நல்ல தாருக்குப் போடக்கூடாது. அரிந்த சீப்பைப் பால் வடியும்வரை சுத்தமான தண்ணீரில் போட்டு எடுத்து, வெட்டுவாய் உலர்ந்த பிறகே அடுக்க வேண்டும். பெரிய பேக்கிங் கூடங்களில் அந்தத் தண்ணீரில் படிகாரம் சேர்ப்பது வழக்கம். அது பால் கறை படியாமலும் தடுக்கிறது.

பலரும் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். தாருக்கு மெத்தையாகவும் மூட்டத்துக்குப் போர்வையாகவும் நாம் போடுவது காய்ந்த வாழைச்சருகு. வாழை ஆந்த்ராக்னோஸ் பூசணம் வித்து விடும் இடமே காய்ந்த இலையும் பூமடலும் காய்நுனியில் ஒட்டிக் காய்ந்த பூவும்தான். நோயின் விளைநிலத்தையே சுருட்டிப் பழத்தைப் போர்த்துகிறோம். வைக்கோலோ செய்தித்தாளோ போதும். சருகைத்தான் போடுவேன் என்றால் நன்றாக வெயிலில் காய்ந்ததாக, ஈரம் படாததாகப் போடுங்கள். காய்நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவைத் தோட்டத்திலேயே நீக்கிவிட்டால் இன்னும் நல்லது.

பலாவுக்கு வருகிறேன். பண்ருட்டி மண்ணில் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? வெள்ளைப் பஞ்சு பூத்து, மறுநாள் அதன் மேல் குண்டூசித் தலை போலக் கறுப்பு மணிகள் தோன்றுகின்றன அல்லவா, அது ரைசோபஸ். நான் மேலே சொன்னவற்றுக்கு நேர்மாறான குணம் கொண்டது. காத்திருக்காது, உறங்காது. முழுத் தோல் உள்ள பழத்தில் அதற்கு நுழையத் தெரியாது, காயம் வேண்டும். காயம் கிடைத்தால், திசுவை ஒட்டவைக்கும் பெக்டினைக் கரைத்து, ஓரிரு நாளில் பழத்தைக் கூழாக்கிவிடும். அந்தப் புளித்த நெடி உங்களுக்குத் தெரியும். அதன் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. உங்கள் கடையிலும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது.

பலாமரத்தடியில் கறுத்து விழுந்து கிடக்கும் ஆண் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் போர்த்தியிருக்கும் கறுப்புப் பொடி முழுவதும் ரைசோபஸ் வித்துதான். ஆண் பூ கறுத்து விழுவது இயற்கை. அதற்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. ஆனால் அதை மரத்தடியிலேயே குவிய விட்டு, வெட்டிய பழத்தையும் அதன் மேலேயே உருட்டினால் என்ன ஆகும்? கயிறு கட்டி மெல்ல இறக்காமல் தொப்பென்று விழவைத்த பழத்தின் உள்ளே சதை நைந்திருக்கும்; வெளியே முள் மழுங்கியதுகூடத் தெரியாது. மூன்றாம் நாள் அந்த இடத்தில்தான் பஞ்சு பூக்கும். பழம் விரைவில் பழுக்கட்டும் என்று காம்பில் குச்சி அடிக்கிற பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அது சதைக்குள் ஒரு சுரங்கம் தோண்டிக் கொடுப்பது. இரண்டு நாள் பொறுத்தால் தானே பழுக்கும்.

பாலூர் ஆராய்ச்சி நிலையம், பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட பாலூர்-1 ரகம் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும். கோடையில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி ஒன்று. மழைக்காலத்துப் பலாவுக்கு விலை உண்டு, ஆனால் அதை ஈரத்தரையில் வைத்த மறுநாளே ரைசோபஸ் கேள்வி கேட்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாள்களில் பழத்தைத் தரையிலிருந்து தூக்கி, மரச்சட்டத்தின் மேல், ஒன்றோடொன்று முட்டாமல், காற்றோட்டமாக வைப்பதைத் தவிர வேறு மந்திரம் கிடையாது.

இந்த இடத்தில், உங்கள் பணத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரு வேறுபாடு. ரைசோபஸ் ஒரு பழத்திலிருந்து அடுத்த பழத்துக்கு இழையோட்டிப் பரவும். ஒரு பழம் நைந்தால் அதன் சாறு பட்ட எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும், கூடையையும் கழுவ வேண்டும். கொலிடோட்ரைக்கம் பெட்டிக்குள் அப்படிப் பரவுவது அரிது. பத்து மாம்பழத்தில் புள்ளி விழுந்தால், அந்தப் பத்தும் தோப்பிலிருந்தே நோயோடு வந்தவை. பக்கத்துப் பழம் அவற்றால் கெடவில்லை. புள்ளி கண்டவுடன் பெட்டியையே தள்ளுபடி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். புள்ளி விழத் தொடங்கிய பழத்தை அன்றே சாற்றுக்கோ கூழுக்கோ அனுப்பிவிட்டு மற்றதை வழக்கம்போல் விற்கலாம்.

மருந்து விஷயம். கடையில் வேண்டாம், சகோதரி. உறுதியாகச் சொல்கிறேன். பூசணக்கொல்லியில் முக்கிய பழத்தை வாங்குபவர் அன்று மாலையே தின்பார். மருந்துக்கும் உண்பதற்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அங்கே இல்லை. தவிரவும், கார்பென்டாசிம் வகை மருந்துகளை ஆண்டாண்டாக அடித்ததில் அவற்றுக்கு அடங்காத பூசண வகைகள் உலகெங்கும் தோன்றிவிட்டன. மஞ்சள் நீரும் உப்பு நீரும் தோலின் மேல் உள்ள அழுக்கைத்தான் கழுவும்; தோலுக்குள் இறங்கிக் காத்திருப்பதைத் தொடாது.

அதைத் தொடக்கூடிய ஒரே எளிய வழி சூடு. பறித்த ஓரிரு நாளுக்குள், இன்னும் பச்சையாக இருக்கும் மாங்காயை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தி, பின் சாதாரணத் தண்ணீரில் ஆற்றி, நிழலில் முற்றிலும் உலரவைத்தால் ஆந்த்ராக்னோஸ் வெகுவாகக் குறையும். பப்பாளிக்கு 49 டிகிரியில் 20 நிமிடம் என்ற முறை ஹவாய்த் தீவில் உருவாகிப் பல ஆண்டுகள் பயன்பட்டது. காயைக் கெடுக்காமல் பூசணத்தை மட்டும் கொல்லும் வெப்பநிலையின் இடைவெளி மிகக் குறுகியது. இதை நான் ஒருவருடைய நட்டத்தில் கற்றுக்கொண்டேன். பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு தோப்பில் விறகடுப்பின் மேல் தொட்டி வைத்து முயன்றோம். வெப்பமானியை மேல்மட்டத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தேன், கலக்கிவிடவில்லை. அடியில் கிடந்த காய்கள் வெந்துபோயிருந்தன. மூன்றாம் நாள் அவற்றின் தோலில் குழி விழுந்தது. தோப்புக்காரர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது. கலக்கும் வசதியும் நம்பகமான வெப்பமானியும் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். ஏற்கனவே மஞ்சள் ஏறிய பழத்துக்கு இது பயன்படாது. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு தொட்டி அமைப்பது நல்ல யோசனை.

குளிர்பெட்டி பற்றிச் சுருக்கமாக: வாழையை 13 டிகிரிக்குக் கீழே இறக்கினால் தோல் கறுத்துவிடும். பச்சை மாங்காயும் பப்பாளியும் ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே நோகும். நொந்த பழத்தைப் பூசணம் இன்னும் எளிதாகப் பிடிக்கும். முதலில் பழுக்கட்டும், பிறகு குளிரில் வையுங்கள். கால்சியம் கார்பைடு கல் வைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவைத்தான் அனுமதித்திருக்கிறார்கள், அதுவும் 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை. பிளாஸ்டிக் கூடைகளை வாரம் ஒருமுறை 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் அளவில் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்து கழுவி வெயிலில் காயவையுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குத்தான் நான் மிகவும் யோசித்தேன். மாம்பழத் தோலில் இரண்டு மூன்று புள்ளிகள் மேலோட்டமாக இருந்து, அடியில் சதை கெட்டியாகவும் மணமாகவும் இருந்தால், புள்ளியைச் சுற்றித் தாராளமாக வெட்டிவிட்டுச் சாப்பிடலாம். சதை நீர்விட்டிருந்தால், புளித்த வாடை வந்தால், பஞ்சோ பச்சைப் பொடியோ கறுப்புப் பொடியோ தெரிந்தால் முழுப் பழத்தையும் எறியுங்கள். மென்மையான பழத்தில் இழைகள் கண்ணுக்குத் தெரியாத தூரம்வரை ஓடியிருக்கும். பூசணங்களில் சில நச்சு சுரக்கும். ஆப்பிளில் பெனிசிலியம் சுரக்கும் பட்டுலின் அப்படிப்பட்டது. ஆப்பிள் சாற்றில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். பூசணம் பிடித்த பழத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், குறிப்பாக இழைப்பு உள்ளவர்கள்.

2021-இல் கருப்புப் பூஞ்சை நோய்ச் செய்தி வந்தபோது, பலாப்பழத்தையே தொட அஞ்சியவர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். மருத்துவமனையில் பேசப்பட்டதும் ரைசோபஸ் குடும்பம்தான், ஆனால் வேறு இனம். பழத்தில் பஞ்சு பூக்கும் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர் நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் வளர்வதில்லை. நோய் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்கள் எந்தப் பூசணத்திடமிருந்தும் விலகியிருப்பது சரி. மற்றவர்கள் நல்ல பலாச்சுளைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த முறை சந்தேகம் வந்தால், புள்ளி விழத் தொடங்கிய பழம் இரண்டும், நன்றாக முற்றிய நோயுள்ள பழம் ஒன்றும் எடுத்துத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, எந்தத் தோப்புக் காய், எந்த நாள் பறித்தது என்று எழுதிப் பாலூர் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பாலிதீன் பையில் மட்டும் கட்டாதீர்கள். பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் பை வியர்த்து, எல்லாவற்றின் மேலும் ரைசோபஸ் ஏறி, முதலில் வந்த நோய் எது என்பதே மறைந்துபோகும்.